"பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்" என்று சொல்லி 3,850 வெள்ளியை வாங்கிக்கொண்டார்கள்

கோலாலம்பூரில் மாடல் ரயில் பைத்தியங்கள் நாம் ஒரு சின்னக் கூட்டம்தான். அந்தச் சின்னக் கூட்டத்தையும் விட்டுவைக்காமல் மொட்டையடிக்க ஒருவர் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறார். மூன்று நீராவி எஞ்சின் மாடல்கள், மூன்றும் "ஒரு தடவைகூட ஓட்டாதது, பெட்டியே பிரிக்காதது" என்று சொல்லி என்னிடம் 3,850 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். மூன்றும் ஓடவில்லை. பணமும் திரும்பி வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன்.

கடையின் பெயரைப் போடப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். மாடிக் கடைவீடு ஒன்றில் பழைய கார் மாடல், ரோபோ பொம்மை, இடையில் கொஞ்சம் ரயில் என்று விற்கும் இடம். ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்திலும் அவருக்குக் கணக்கு உண்டு. அந்தத் தளத்தின் பெயரும் வேண்டாம், உங்கள் கைப்பேசியிலும் அது இருக்கும்.

ஏன் பழைய மாடலைத் தேடிப் போனாய் என்று கேட்பீர்கள். புதிதாக வரும் பெரிய எஞ்சின் மாடல் ஒன்று இங்கிலாந்திலேயே 200 பவுண்டைத் தாண்டிவிட்டது. தபால் செலவும் சேர்ந்தால் நம் கைக்கு வரும் விலையைப் பார்த்துத் தலை சுற்றும். அதனால், எந்தக் கடையின் கிடங்கிலோ விற்காமல் தங்கிப்போன பழைய மாடல்களுக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. என் லேஅவுட் (மாடல் ரயில் ஓடும் குட்டி ஊர்) செந்தூல். அப்பா அங்கே ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகையில், 1950-களில் அந்தப் பட்டறை இருந்த மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் நிற்க ஒரு 4-6-2 எஞ்சின் வேண்டும், அதாவது முன்னால் நான்கு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி செய்து 1938 முதல் மலாயாவுக்கு அனுப்பிய எஞ்சின்களின் சக்கர வரிசை அதுதான். மாடலின் மேல் உடம்பை மாற்றிச் செய்துகொள்ளலாம், அடியில் சக்கரங்களைத் தாங்கி ஓடும் சேசிஸ் நன்றாக இருந்தால் போதும் என்பது என் கணக்கு.  

தளத்தில் படம் பார்த்தேன். ஒரு 4-6-2, ஒரு 4-6-0, ஒரு குட்டி டேங்க் எஞ்சின் (தண்ணீர்த் தொட்டியைத் தன் உடம்பிலேயே சுமப்பது). மூன்றுக்கும் சேர்த்து 4,000 வெள்ளி. செய்தி அனுப்பியதும் பதில் தமிழில் வந்தது. "அண்ணே, படத்துல பார்த்து வாங்காதீங்க, கடைக்கு வந்து கையில எடுத்துப் பாருங்க." ஏமாற்றுகிறவன் கடைக்கு வா என்று கூப்பிடுவானா? போனேன்.

நன்றாகத்தான் கவனித்தார். கீழேயிருந்து தே தாரிக் வரவழைத்தார். செந்தூல் என்று சொன்னதும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய தாத்தா கெமாஸில் ரயில் எஞ்சின் ஃபயர்மேனாம், கரி அள்ளிப் போட்டே தோள் இறங்கிப்போனவராம். அப்பா எந்தப் பகுதியில் வேலை பார்த்தார், எந்த குவார்ட்டர்ஸில் இருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் சொல்லிக்கொண்டே போனேன். அப்படி ஒரு தாத்தா இருந்தாரா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

அப்புறம் கண்ணாடி அலமாரியிலிருந்து மூன்று பெட்டிகளையும் எடுத்து வைத்தார். ஓரத்தில் டேப் ஒட்டினபடி, மூலை மடங்காமல். கல்லாவின் மேலேயே ஒரு நீளத் தண்டவாளமும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் கண்ட்ரோலரும் இருந்தன. "ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க தம்பி" என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, டேப்பை வெட்டினா இதோட மதிப்பே போயிடும். நீங்க கொடுக்கிற காசே அந்த டேப்புக்குத்தான். வீட்டுல போய்ப் பிரிங்க. ஓடலைன்னா கொண்டு வாங்க, நான் எடுத்துக்கறேன். நாம என்ன வெளியாளா?"

அதோடு நிறுத்தவில்லை. தளத்தின் வழியாக வாங்கினால் கமிஷன் வெட்டுவார்கள், நேரில் கொடுத்தால் 150 வெள்ளி குறைக்கிறேன் என்றார். டியூட்நவ் பணமாற்றில் 3,850 வெள்ளி போனது. ரசீதில் "3 எஞ்சின், அன்யூஸ்ட்" (பயன்படுத்தாதது) என்று கையால் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அவர் மறந்திருப்பார்.

அன்று இரவே பிரித்தேன். 4-6-2-ஐ ஸ்பாஞ்சிலிருந்து எடுக்கும்போதே மனசு என்னமோ போலிருந்தது. தண்டவாளத்தில் வைத்தால் நடுச் சக்கரம் தரையைத் தொடவில்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் சேசிஸ் நடுவில் மேலே வளைந்திருக்கிறது. மூடியைக் கழற்றினேன். உலோகம் முழுக்க மயிரிழை விரிசல், ஓரத்தில் சாம்பல் நிறத் தூள். விரல் பட்டதும் ஒரு மூலை முறுக்கு மாதிரி உடைந்து கையில் வந்தது. இது மாஸாக் அழுகல். மாஸாக் என்பது துத்தநாகக் கலவை. வார்க்கும்போது அதில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலும் உள்ளுக்குள்ளேயே அரித்து, ஊதி, வெடிக்கும். சூடும் ஈரமும் இருந்தால் இன்னும் சீக்கிரம், நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மாடல்களில்தான் இது வரும் என்று நினைக்காதீர்கள், 2000-க்குப் பிறகு வார்த்த சிலவற்றிலும் வந்திருக்கிறது. மருந்து கிடையாது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் பெட்டிக்குள்ளேயே செத்துவிடும்.

4-6-0 1980-கள் மாடல். அந்தக் காலத்தில் சேசிஸை இரண்டு பாதியாகப் பிரித்து, இடது பாதியில் ஒரு மின்முனை, வலது பாதியில் மறுமுனை என்று செய்வார்கள். இரு பக்கச் சக்கரங்களையும் சேர்க்கும் ஆக்சிலும் இரண்டு துண்டு. நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய்தான் இரண்டையும் பிடித்திருக்கும். வருஷம் போகப் போக அந்தப் பிளாஸ்டிக் சுருங்கி வெடிக்கும். வெடித்தால் இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் நிற்காது, சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடு இறுகிக்கொள்ளும். இதில் மூன்று குழாயும் வெடித்திருந்தன. கால் சுற்று சுற்றியது, டக்கென்று நின்றது.

இந்த இரண்டையாவது காலக் கோளாறு, கடைக்காரருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று மன்னிக்கலாம். டேங்க் எஞ்சினில்தான் ஆள் மாட்டினார். மோட்டார் முனகியது, நகரவில்லை. கிரீஸ் பழுப்புப் பிசினாகக் கெட்டியாகிக் கிடந்தது, சரி, 1960-களின் சாமான். ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது. அது உரசிச் சுற்றும் கம்யூட்டேட்டரில் பள்ளம் விழுந்திருக்கிறது. சக்கரத்தில் கறுப்பு அழுக்கு படிந்து, ஓடின தடம் பளபளக்கிறது. ஒரு தடவைகூட ஓடாத மோட்டாருக்கு பிரஷ் எப்படித் தேயும்? பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பழைய டேப் உரிந்து அட்டையின் தோல் பிய்ந்த இடத்தின் மேலேயே புது டேப்பை ஒட்டியிருக்கிறார்கள். அறுபது வருஷ டேப் கோலாலம்பூர் ஈரத்தில் மஞ்சளாகி உதிர்ந்திருக்கும், இது கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கிறது. கடையின் மஞ்சள் விளக்கில் எல்லாம் பழசாகத்தான் தெரியும், அதற்காகவே அந்த விளக்கோ என்னவோ.

வீடியோ எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்கண்ணே." அடுத்தது, என் கண்ட்ரோலர் சரியில்லை. என் மற்ற எஞ்சின்கள் அதே கண்ட்ரோலரில் ஓடுவதை எடுத்து அனுப்பினேன். ஊரில் இல்லை, ஈப்போவில் கல்யாணம் என்றார். கல்யாணம் நீண்டுகொண்டே போனது. நேரில் போய் முதலாளியைக் கேட்டால் கடைப் பையன் தலையை நிமிர்த்தாமலே "போஸ் இல்லை" என்பான். உள்ளே கதவுக்குப் பின்னால் போஸின் இருமல் கேட்கும்.

கடைசியில் ஒரு நாள் மாட்டினார். "அண்ணே" காணாமல் போய் "சார்" ஆகிவிட்டது. "சார், நீங்க டேப்பை வெட்டிட்டீங்க. இனிமே அது அன்யூஸ்ட் இல்லை, நான் எப்படித் திரும்ப எடுக்க முடியும்?"

கவனியுங்கள். வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கக் கூடாது, டேப் போய்விடும். வாங்கின பின் ஓட்டிப் பார்த்தால் திருப்பித் தர முடியாது, டேப் போய்விட்டது. அவர் விற்பது எஞ்சினே இல்லை, 3,850 வெள்ளிக்கு மூன்று துண்டு டேப். அதற்கு மேல் ஒரு உபகாரமும் செய்தார்: தெரிந்த ஆள் இருக்கிறானாம், 600 வெள்ளி கொடுத்தால் மூன்றையும் ரிப்பேர் செய்து தருவானாம். தூளாய்ப் போன உலோகத்தை எந்த ஆள் ரிப்பேர் செய்வான்?

விற்பனைத் தளத்துக்கு எழுதினேன். பரிவர்த்தனை தளத்துக்கு வெளியே நடந்ததால் தலையிட முடியாது, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில். எனக்கு ஏது பொறுமை? சரி, அந்தக் கணக்கையாவது முடக்குங்கள் என்றேன், அதற்குப் பதிலே இல்லை. போன வாரம் பார்க்கிறேன், அதே கணக்கில் இன்னொரு 4-6-2, "பெட்டி பிரிக்காதது", அதே அலமாரி, அதே விளக்கு. இதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாங்குகிறவர்களுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று நீளமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கண் முன்னால் ஓட்டிக் காட்டாத எஞ்சினை வாங்காதீர்கள், டேப்பாவது மண்ணாவது. ஒரு ஸ்கேலும் டார்ச்சும் கொண்டுபோங்கள், சேசிஸ் வளைவும் சக்கரத்தில் ஓடின தடமும் அதிலேயே தெரிந்துவிடும். 150 வெள்ளி மிச்சம் என்று யார் சொன்னாலும் தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள். ரசீதில் "அன்யூஸ்ட்" என்று எழுதி வாங்குங்கள். கடையே இல்லாத ஆளுக்குப் பணம் போட்டுவிட்டு மாட்டியிருந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அடியுங்கள், தாமதிக்க வேண்டாம்.

கடைக்காரர் மேல் பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை. ரசீதுக்குப் பின்னால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று முத்திரை குத்தியிருந்தாலும் பயப்படாதீர்கள். சொன்ன மாதிரி பொருள் இருக்க வேண்டும் என்பது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, அதை முத்திரை குத்தி அழிக்க முடியாது. நான் 3,850 வெள்ளிக்கும் மனு கொடுத்துவிட்டேன், விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், உங்கள் ரசீதையும் சேர்த்துக் கொண்டுபோகிறேன். அப்புறம், அந்த 4-6-0-க்கு ஆக்சில் நடுவில் போடும் பிளாஸ்டிக் குழாய் யாரிடமாவது உபரியாக இருக்கிறதா? மூன்று வேண்டும். விலை சொல்லுங்கள், ஆனால் கையில் பார்த்த பிறகுதான் காசு.