குடும்பப் படங்களுக்கு எந்தப் பூட்டு? 777, குழு, ஏசிஎல்: ஓர் அலசல்

எங்கள் வீட்டில் ஒரே கணினி, அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். எனக்கு, மனைவிக்கு, மகளுக்கு என்று மூன்று கணக்குகள். படங்கள் எல்லாம் பொதுவான ஒரு கோப்புறையில். நான் உருவாக்கிய உள்கோப்புறையில் மகளால் படம் சேர்க்க முடியாது. அவள் உருவாக்கியதில் என்னால் ஒன்றைக்கூட அழிக்க முடியாது. “அப்பா, மறுபடியும் பர்மிஷன் டினைடுன்னு வருதுப்பா” என்ற குரல் வாரம் தவறாமல் கேட்கும்.

ஒரு படத்தை அழிக்கவோ பெயர் மாற்றவோ அந்தப் படத்தின் மேல் எழுதும் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் கோப்புறையின் மேல் இருந்தால் போதும். இது புரியாமல் கோப்புகளையே நோண்டிக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

முதலில் கை போனது 777-க்குத்தான். படிக்க 4, எழுத 2, இயக்க (கோப்புறையானால் உள்ளே நுழைய) 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் மூவருக்கும் 7 என்றால் வாசல், கொல்லை, ஜன்னல் எல்லாம் திறந்த வீடு. அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையை உள்கோப்புறைகளுக்கும் சேர்த்து ஓட்டினேன். பாதையில் சாய்கோட்டுக்கும் பெயருக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. சாய்கோடு தனியாக நின்றால் அது மொத்தக் கணினி. கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையாவது இந்த இடத்தில் மறுத்து நிற்கும். சிஎச்மோட் அப்படித் தடுப்பதில்லை. பாதியில் நிறுத்தினேன், அதற்குள் நிர்வாகி உரிமையில் கட்டளைகளை ஓட்ட உதவும் சூடோ, அந்த உரிமையைத் தரும் தன் சிறப்பு பிட்டை இழந்து வேலை செய்ய மறுத்தது. வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வேறு, “உன் சாவி எல்லோருக்கும் தெரிகிறது” என்று அதை ஏற்கவில்லை. கணினியைப் புதிதாக நிறுவி முடிக்க ஒரு ஞாயிறு போனது.

கை தவறாமல் செய்திருந்தாலும் 777 பயன்பட்டிருக்காது. இன்று இருக்கும் கோப்புறைகளைத்தான் அது திறக்கும். நாளை மகள் புதிதாக உருவாக்குவது பழையபடி பூட்டியே பிறக்கும். எந்த வழியை எடைபோடுவதானாலும் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: நாளைக்கு வரும் கோப்புறைக்கு என்ன ஆகும்?

உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளை இந்தச் சிக்கலுக்கு மருந்தே இல்லை. அது பத்திரத்தைப் பெயர் மாற்றுவது. பங்காளிகளுக்குச் சாவி கொடுப்பதல்ல. பழைய கணினியின் வட்டை இதில் மாட்டும்போதுதான் அதற்கு வேலை. வட்டில் உரிமையாளராகப் பதிவாவது பெயரல்ல, கணக்கின் எண். உபுண்டுவில் முதல் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001. அங்கே 1001 மனைவி, இங்கே 1001 மகள் என்றால் அம்மாவின் கோப்புகள் பெண்ணுக்குப் போய்விடும். அப்போது சிஎச்ஓன் போட்டே ஆக வேண்டும்.

அடுத்தது குழு. மூவரையும் ஒரு குழுவில் போட்டு, கோப்புறையைக் குழுவிடம் கொடுத்து, 2775 வைப்பது. முன்னால் நிற்கும் 2 முக்கியம்: உள்ளே பிறப்பவை எல்லாம் குழுவின் பெயரை வாங்கிக்கொள்ளும். பழைய, நம்பகமான வழி. ஆனால் புதிதாகப் பிறப்பவற்றில் எந்த அனுமதியைக் கழிப்பது என்று சொல்லும் யூமாஸ்க் எண் 022 ஆக இருந்தால் புதிய உள்கோப்புறை குழுவின் பெயரில் பிறந்தும் குழுவால் அதில் எழுத முடியாது. இன்னொன்று, ஆளைக் குழுவில் சேர்க்கும் யூசர்மோட் கட்டளையில் ‘-a’ என்ற சிறிய ஏ-யை விட்டுவிட்டால் புதுக் குழுவில் சேர்த்த கையோடு பழைய கூடுதல் குழுக்களிலிருந்து நீக்கிவிடும். சூடோ குழுவும் அதில் போகும். சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால்தான் பலிக்கும்.

ஏசிஎல் என்பது யாருக்கு என்ன அனுமதி என்று பெயர் பெயராக எழுதிவைக்கும் பட்டியல். அது அந்த யூமாஸ்க் ஓட்டையை அடைக்கிறது. கோப்புறைக்கு இயல்புநிலைப் பட்டியல் ஒன்று வைத்துவிட்டால், உள்ளே புதிதாகப் பிறப்பவற்றுக்கு யூமாஸ்க்கைக் கேட்பதில்லை, அந்தப் பட்டியலைத்தான் கேட்கும். பட்டியலை எழுதும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் இரண்டு விதிகள் கொடுக்க வேண்டும்: இருப்பவற்றுக்கு ஒன்று, வரப்போவதற்கு ஒன்று. அதில் இயக்கும் அனுமதியைக் குறிக்கும் எக்ஸ்-ஐப் பெரிய எழுத்தில் போட்டால் அந்த அனுமதி கோப்புறைகளுக்கும், ஏற்கெனவே இயக்கும் அனுமதி உள்ள கோப்புகளுக்கும் மட்டும் போகும். வெறும் படங்களுக்கு ஒட்டாது.

குறையும் உண்டு. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை காட்டும் அனுமதி எழுத்துகளின் ஓரத்தில் ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான்; உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க கெட்எஃப்ஏசிஎல் வேண்டும். பிறகு யாராவது பழக்கதோஷத்தில் சிஎச்மோட் 700 போட்டால், பட்டியலின் உச்சவரம்பான மாஸ்க் இறுகி, பட்டியலில் பெயர் இருந்தும் அனுமதி செல்லாமல் போகும். அதே வட்டின் வேறு மூலையிலிருந்து நகர்த்தி வந்த கோப்புகளும் பழைய அனுமதியோடுதான் வரும்.

விண்டோஸ்காரர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை; அதன் வட்டு வடிவமான என்டிஎஃப்எஸ்ஸில் எல்லாம் ஏசிஎல்தான். கணினியைப் புதிதாக நிறுவியபின் பழைய கோப்புறை திறக்காவிட்டால், டேக்ஓன் கட்டளையில் உரிமையை வாங்கி ஐகாக்ல்ஸ் கட்டளையில் அனுமதி கொடுக்க வேண்டும். இதைச் சி வட்டின் விண்டோஸ் கோப்புறையில் மட்டும் செய்து பார்க்காதீர்கள். எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள பென்டிரைவில் சிஎச்மோட் எதையும் மாற்றாது. அங்கே அனுமதி மவுன்ட் செய்யும்போதே, அதாவது கணினியோடு இணைக்கும்போதே, முடிவாகிவிடும்.

நான் நின்றது குழுவும் ஏசிஎல்லும் சேர்ந்த இடத்தில்: 2775, அதன்மேல் அதே குழுவுக்கு இயல்புநிலைப் பட்டியல். ஒரே ஆள் புழங்கும் கணினி என்றால் இரண்டும் வேண்டாம். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 போதும். கடைசியாகக் கவனித்தது பேக்கப். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையின் சிறிய ஏ (-a), ஏசிஎல்லைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. பெரிய ஏ-யையும் (-A) சேர்க்க வேண்டும். அதையும் சேர்த்துவிட்டேன்.