முதல் வேளை மருந்துக்கு முன்னால்

மே மாதம் சிங்கப்பூரிலிருந்து தேவிபட்டினம் போயிருந்தோம். போன நாலாம் நாள் மகளுக்குக் காய்ச்சல், 102. இரண்டரை வயதுக் குழந்தை. சளி இல்லை, இருமல் இல்லை. ஒன்றுக்குப் போகும்போது மட்டும் காலை இறுக்கிக்கொண்டு அழுதாள். வெயில் சூடு, நீர்க்கடுப்பு என்று அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள்.

முதலில் போன கிளினிக்கில் தொண்டையை மட்டும் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் சிரப் எழுதினார்கள். "யூரின் பார்க்க வேண்டாமா?" என்றேன். பதிலே இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை. சிரப்பைப் பிரிக்காமலே ராமநாதபுரத்துக்கு ஆட்டோ பிடித்தோம்.

அங்கே டாக்டரம்மா முதலில் கேட்டதே, "மருந்து ஏதும் குடுத்தாச்சாம்மா?" என்றுதான். இல்லை என்றதும், நல்லது என்றார். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் கல்ச்சரில், அதாவது யூரினில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்டில், கிருமி வளராமல் போகலாமாம். யூரின் பிடிக்கக் குழந்தையின் தோலில் ஒட்டும் பையும் வேண்டாம் என்றுவிட்டார். தோலில் இருக்கும் கிருமியெல்லாம் அதில் சேர்ந்துவிடும், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும்.

நர்ஸ் அக்கா சுத்தமாகக் கழுவிவிட்டார். பிறகு முக்கால் மணி நேரம், குழாயைச் சொட்டவிட்டபடி, கையில் ஸ்டெரைல் பாட்டிலுடன் குந்தியிருந்தேன். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். லேப் ஊரின் அந்தப் பக்கம் என்பதால் ஐஸ் போட்ட கவரில் வைத்துக் கொடுத்தார்கள். சாம்பிளைச் சும்மா வெளியே வைத்தால் கிருமி பெருகி ரிசல்ட்டே மாறிவிடும். ஆட்டோவில் என் மடியெல்லாம் ஈரம்.

சாதாரண யூரின் டெஸ்ட்டில் அன்றே சீழ் செல்கள் தெரிந்தன, யூரின் இன்ஃபெக்ஷனுக்கான அடையாளம். உடனே மருந்து ஆரம்பித்தோம். இரண்டு நாளில் கல்ச்சர் வந்தது. ஈ.கோலை என்ற குடல் கிருமி, ஒரு மில்லி யூரினுக்கு 1 லட்சத்துக்கு மேல். அடியில் எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்ற பட்டியல். முதல் கிளினிக்கில் எழுதிய சிரப் கேட்காத பக்கத்தில் இருந்தது. அதைப் படித்தபோது கை நடுங்கியது. டாக்டரம்மா கொடுத்தது கேட்கும் பக்கத்தில். அதையே 10 நாள் முழுசாகக் கொடுக்கச் சொன்னார். காய்ச்சல் அதற்குள் இறங்கியிருந்தது.

கிட்னி ஸ்கேனும் எடுத்தோம், நார்மல். "மோஷன் ஒழுங்காப் போறாளா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது: ஊருக்கு வந்ததிலிருந்து போகவே இல்லை. மலச்சிக்கலும், பயணத்தில் ஒன்றுக்கை அடக்குவதும் இதற்குக் காரணமாகுமாம். அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூட்டிப்போனது அம்மாதான்.