கனடாவின் ஒன்ராறியோவில் சமூகப் பணியாளரிடம் ஒன்லைன் உளச்சிகிச்சை: காசுக்குப் பெறுமதியா?

வேலை அழுத்தம், நித்திரைக் குழப்பம், வாரக்கணக்கில் விலகாத மனச்சோர்வு ஆகியவற்றுக்குப் பதிவுபெற்ற சமூகப் பணியாளரிடம் வீடியோவில் சிகிச்சை எடுப்பது நல்ல தெரிவு. 50 நிமிட அமர்வுக்குப் பெரும்பாலும் 120 முதல் 180 டொலர் வரை கேட்கிறார்கள். உளவியலாளரிடம் போனால் இதைவிடக் கூட. ஆனால் ஆளைத் தெரிவுசெய்வதில் பிசகினால் காசோடு போகாது, இனி எவரிடமும் போகமாட்டேன் என்ற வெறுப்பும் வந்துவிடும். அதுதான் பெரிய நட்டம்.

முதலில் பதிவைப் பாருங்கள். சமூகப் பணியாளரையும் சமூக சேவைப் பணியாளரையும் ஒரே கல்லூரிதான் (படிப்பிக்கும் இடமல்ல, தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு செய்கிறது. பட்டியல் அதன் இணையத்தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெயருக்குப் பின்னால் ஆர்.எஸ்.டபிள்யூ. (பதிவுபெற்ற சமூகப் பணியாளர்) என்றிருந்தால் உளச்சிகிச்சை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆர்.எஸ்.எஸ்.டபிள்யூ. (பதிவுபெற்ற சமூக சேவைப் பணியாளர்) என்று ஒரு ‘எஸ்’ கூடியிருந்தால் அந்த அனுமதி இல்லை. காப்புறுதிக் காசு மறுக்கப்படுவதற்கும் இது ஒரு காரணம்.

காப்புறுதிக்கு அழைத்து, “உளநலம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். சில திட்டங்கள் உளவியலாளருக்கு மட்டுமே கொடுக்கும். சமூகப் பணியாளர் உண்டா, ஆண்டுக்கு எவ்வளவு, ஒரு அமர்வுக்கு எத்தனை வீதம், வைத்தியரின் கடிதம் வேண்டுமா என்று நான்கையும் கேளுங்கள். ஆண்டுக்கு 500 டொலர்தான் என்றால் மூன்று, நான்கு அமர்வில் தீர்ந்துவிடும். ஜனவரியில் புதுப்பிக்கும் திட்டமானால் நவம்பர் கடைசியில் தொடங்குவது இலாபம்: பழைய ஆண்டின் மிச்சமும் கிடைக்கும், புதிய ஆண்டின் தொகையும் கிடைக்கும். பற்றுச்சீட்டில் திகதி, கட்டணம், பதிவு எண் போன்றவைதான் இருக்கும். நீங்கள் பேசியது இருக்காது. தவறவிட்ட அமர்வுக்குக் காப்புறுதி காசு தராது. 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழுக் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

நல்லவரை எப்படி அறிவது? முதல் அமர்விலேயே கேள்வித்தாள் தருவார். மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ-9: கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 புள்ளி. பத்தோ அதற்கு மேலோ வந்தால் குறைந்தது நடுத்தரச் சோர்வு என்று எடுப்பார்கள். சில அமர்வுகளுக்கு ஒருமுறை திரும்ப நிரப்பச் சொல்லுவார். 5 புள்ளி குறைந்தால் முன்னேற்றம் உண்மையானது. அடுத்தது, வீட்டில் செய்யச் சொல்லித் தரும் பயிற்சி. இரவு வேலை முடிந்து வந்து திரையை இழுத்து மூடிப் படுத்தே கிடப்பவருக்கு, “உற்சாகமாக இருங்கள்” என்று சொல்வதில் பயனில்லை. நல்லவர் தரும் பயிற்சி இப்படி இருக்கும்: பின்னேரம் 4 மணிக்கு எழும்பி 10 நிமிடம் தெருமுனை வரை நடக்க வேண்டும். நடக்க முன்னும் பின்னும் மனநிலைக்கு ஒரு தாளில் 0 முதல் 10 வரை புள்ளி போட வேண்டும். மனம் வந்தபின் செய்வோம் என்று காத்திருந்தால் அது வராது, செய்யச் செய்யத்தான் வரும் என்பதை அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும். ஐந்தாறு அமர்வு போயும் தாளும் இல்லை, இலக்கும் இல்லை, வாராவாரம் அதே மனக்குறையைக் கொட்டுவதுதான் நடக்கிறது என்றால் வாய்விட்டுக் கேளுங்கள். திருத்தமான பதில் இல்லையென்றால் ஆளை மாற்றுங்கள்.

ஒன்லைனில் அதிகம் கெடுவது, பிறர் காதில் விழாமல் பேசும் தனிமைதான். மாமியார் அடுத்த அறையில் இருக்கும்போது மாமியாரைப் பற்றி யார் பேசுவார்? நிறுத்தி வைத்த காருக்குள் இருந்து பேசலாம், ஓடிக்கொண்டு வேண்டாம். ஹெட்செட் அவசியம். லைன் அறுந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதை முதல் நாளே பேசிவையுங்கள். தமிழர் அதிகம் வாழும் ஸ்காபரோவில் தமிழ் ஆளைத் தேடினால், கட்டணமில்லாத முதல் 15 நிமிட அழைப்பிலேயே உங்கள் குடும்பத்தைத் தெரியுமா என்று கேட்டுவிடுங்கள். பேசுவது இரகசியம்; ஆனால் உயிராபத்து, சிறுவர் துன்புறுத்தல் பற்றிய சந்தேகம், நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு.

சமூகப் பணியாளர்கள் மருந்து எழுத முடியாது, நோயின் பெயரைக் கண்டறிந்து சொல்லவும் முடியாது. நீண்ட மருத்துவ விடுப்புப் படிவத்துக்குப் பெரும்பாலும் குடும்ப வைத்தியர்தான். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் 988ஐ அழையுங்கள்; 24 மணி நேரமும் ஆங்கிலம், பிரெஞ்சில் பேசலாம். உடனடி ஆபத்தென்றால் 911.

காப்புறுதியே இல்லாதவர்களுக்கு மாகாண அரசின் கட்டமைக்கப்பட்ட உளச்சிகிச்சைத் திட்டம் இலவசம். குடும்ப வைத்தியரிடம் கேட்டுப் பெயர் கொடுக்கலாம். கோடையில் யாழ்ப்பாணம் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்பார். ஒன்ராறியோவுக்கு வெளியே என்றால் பலர் அமர்வை நடத்தமாட்டார்கள்.