கிட் லாக்: கமிட் பட்டியலை நம் தேவைக்கு வடிவமைக்கும் வசதி எப்படி இருக்கிறது?

நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், அந்த வரலாற்றைப் பட்டியலிடும் லாக் கட்டளையை வெறுமனே இயக்கினால், ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிந்த மாற்றத்துக்கும்) 40 எழுத்து ஹேஷ் எனும் அடையாளக் குறி, எழுதியவரின் பெயர், மின்னஞ்சல், தேதி, முழுச் செய்தி என்று திரை நிரம்பிவிடுகிறது. ஒன்லைன் என்று சேர்த்தால் வரிக்கு ஒன்றாகச் சுருங்கும். ஆனால் யார், எப்போது என்ற இரண்டும் காணாமல் போகும். ஆகவே ப்ரிட்டி தெரிவில் ஃபார்மட் என்று கொடுத்து, வேண்டிய விவரங்களை நாமே கோத்துக்கொள்ளும் வழியே அன்றாட வேலைக்கு உகந்தது. சதவீதக் குறியை அடுத்துச் சிறிய எச் எழுதினால் சுருக்க ஹேஷ், எஸ் எழுதினால் தலைப்பு வரி என, அடிப்படை எளிதாகவே பிடிபடுகிறது.

தேதி விஷயத்தில்தான் இதன் அருமை தெரியும். கிட் இயல்பாக ஒவ்வொரு கமிட்டின் நேரத்தையும் அதை எழுதியவரின் நேர மண்டலத்திலேயே காட்டுவதால், தரமணியில் அமர்ந்து அமெரிக்கக் குழுவுடன் வேலை செய்யும் எங்களுக்கு +0530, -0800 என மாறி மாறி வருபவற்றை மனக்கணக்கில் ஒப்பிடுவது பெரும் தொல்லையாக இருந்தது. டேட் தெரிவில் ஐஎஸ்ஓ-லோக்கல் என்று கொடுத்தவுடன் அனைத்தும் நம் கணினியின் நேரத்துக்கு வந்துவிடுகின்றன. இதோடு, எழுதிய தேதிக்கான ஏடி-யையும் கமிட் செய்த தேதிக்கான சிடி-யையும் அருகருகே வைப்பது நல்லது. ரீபேஸ் செய்யும்போது, அதாவது பழைய கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மீண்டும் அடுக்கும்போது, பின்னது மட்டுமே மாறுவதால், மூன்று வாரம் முன்பு எழுதிய திருத்தம் நேற்றுதான் ரீபேஸ் ஆகி வந்தது என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

குறைகளும் உண்டு. தவறான குறியீட்டைக் கொடுத்தால் பிழை என்று சொல்லாமல் அதை அப்படியே அச்சிட்டுவிடுகிறது. எழுதியவரின் பெயருக்கான ஏஎன்-னில் என் சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்து, ஒருவரின் பல பெயர்களையும் மின்னஞ்சல்களையும் ஒன்றாக்கும் மெயில்மேப் கோப்பு கணக்கில் எடுக்கப்படும் அல்லது விடப்படும் என்பதெல்லாம் கையேட்டைப் புரட்டாமல் யாருக்குத் தெரியும்? பெயரைத் தமிழில் எழுதுபவர் குழுவில் இருந்தால், அகலம் குறித்து நேராக்கிய நெடுவரிசைகள் பல டெர்மினல்களில் (கட்டளைத் திரைகளில்) கோணலாகத்தான் நிற்கின்றன.

வடிவத்துக்கு ஒரு பெயர் சூட்டி, கிட்டின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கில் சேமிக்கலாம்; ஆனால் ரெப்போவை (திட்டத்தின் களஞ்சியத்தை) க்ளோன் செய்து நகலெடுக்கும்போது அந்த அமைப்பு கூடவே வராததால், குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் அதைத் தம் கணினியில் தனியே பதிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.