எலிசபெத் தாம்சனும் மரியான் நார்த்தும்: இரு வழிகள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஓவியம் தீட்ட விரும்பிய பெண்ணுக்கு இரு வழிகள் இருந்தன: லண்டனின் புகழ்பெற்ற கலைக்கழகமான ராயல் அகாதெமியின் வாசலைத் தட்டுவது, அல்லது அதைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் செல்வது.

முதல் வழியில் சென்றவர் எலிசபெத் தாம்சன். பனியில் களைத்து நிற்கும் கிரிமியப் போர் வீரர்களின் பெயர் அழைக்கப்படும் தருணத்தை அவர் தீட்டிய ஓவியம் 1874இல் அகாதெமியில் வைக்கப்பட்டபோது, திரண்ட கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் காவலர் ஒருவரை நிறுத்த வேண்டியிருந்தது. அரசியே அதை வாங்கிக்கொண்டார். ஆயினும் 1879இல் தாம்சன் அகாதெமியின் உறுப்பினராகும் வாய்ப்பை இரண்டே வாக்குகளில் இழந்தார்.

மரியான் நார்த் எந்த வாக்குக்கும் காத்திருக்கவில்லை. மணவாழ்வை விரும்பாத அவர், தந்தை 1869இல் இறந்த பின், பிரேசில், இலங்கை, இந்தியா எனத் தனியே பயணம் செய்து, தாவரங்களை அவை வளரும் இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 1882இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் தம் செலவிலேயே எழுப்பிய கூடத்தில், எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களை இடைவெளியின்றி நெருக்கி மாட்டினார். பார்வையாளருக்குத் தேநீர் தரவேண்டுமென்ற அவரது கோரிக்கையைத் தோட்ட இயக்குநர் ஹூக்கர் மறுத்ததால், தேயிலையையும் காப்பியையும் வாசல்களின் மேல் வரைந்துவிட்டார்!

கலைநுட்பத்தில் தாம்சனே மேலானவர் என்பது என் கருத்து. மேலும், நார்த்தின் சுதந்திரத்துக்குக் குடும்பச் சொத்து துணைநின்றது. தாம்சனின் புகழோ தூரிகையால் மட்டுமே ஈட்டப்பட்டது.