வேக்யூம் வைப்பர் மோட்டார்: ஏற்றத்தில் நிற்கும், இறக்கத்தில் பறக்கும்

பழைய அமெரிக்கக் காரில் இருக்கிற, எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையால் ஓடுகிற வேக்யூம் வைப்பரைச் சரிசெய்வதா, எலெக்ட்ரிக் மோட்டாருக்கு மாறிவிடுவதா என்று ஒரு நண்பர் கேட்டார். வருஷக்கணக்காக ட்ரைகோ கம்பெனியின் வேக்யூம் மோட்டாருடன் மழையில் ஓட்டிய அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

முதலில் எரிச்சல். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் பிளேடு கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிடும். ஐடிலில் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) வேக்யூம் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து த்ராட்டில் (காற்று போகும் வழியின் கதவு) முழுக்கத் திறந்தால் அது பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். காலை எடுத்ததும் பிளேடு பறக்கும். லாரியை ஓவர்டேக் செய்யும்போது, அதன் டயர் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் கண்ணாடியில் விழுகிற அதே நொடியில் வைப்பர் கைவிடுவதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மோட்டாரை எவ்வளவு நன்றாகச் சீரமைத்தாலும் இந்தக் குறை போகாது.

ஆனால் மோட்டாரை மட்டும் தனியாகப் பார்த்தால் அருமையான வேலைப்பாடு. அரைவட்ட அறைக்குள், ஷாஃப்டோடு சேர்ந்து அசையும் தகடாக ஒரு பேடில். அதன் ஒரு பக்கம் வேக்யூம், மறுபக்கம் வெளிக்காற்று. பேடில் ஓரத்தை எட்டியதும் ஸ்பிரிங் தட்டி, வால்வு ‘டக்’ என்று மறுபக்கம் புரளும். பேடில் திரும்பி வரும். வயர் இல்லை, பிரஷ் இல்லை. குமிழைத் திருப்பினால் எந்த வேகம் வேண்டுமோ அந்த வேகம். ஐடிலில் நிற்கும்போது அது ஓடுகிற நிதானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மாற்று மோட்டார் தேடும்போது அதில் பொறித்திருக்கிற பேட்டன்ட் தேதியை வைத்து ஆண்டைக் கணிக்காதீர்கள். அது மோட்டார் தயாரான தேதி அல்ல. உடம்பில் குத்தியிருக்கிற எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் நீளம், அதன் முனையின் வடிவம், மவுண்டிங் துளைகளின் இடைவெளி, ஹோஸ் முனை இருக்கும் பக்கம், பிளேடு வீசும் கோணம் எல்லாம் பொருந்த வேண்டும். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு மோட்டார்களில் கோணம் மட்டும் வேறாக இருந்தால், பிளேடு கண்ணாடி ஃப்ரேமில் போய் இடிக்கும்.

பிரிக்கும் முன் மோட்டாரைச் சோதியுங்கள். குமிழை ஆன் செய்து, ஹோஸ் முனையை விரலால் இறுக்கி அடைத்து, ஷாஃப்டைத் திருப்புங்கள். பேடில் சீல் நன்றாக இருந்தால் ஷாஃப்ட் முரண்டு பிடிக்கும். லேசாகச் சுற்றினால் சீல் காய்ந்துவிட்டது.

பழையவற்றில் பெரும்பாலும் தோல் சீல். பின்னால் வந்தவற்றில் ரப்பர். தோலுக்கு நீட்ஸ்ஃபுட் ஆயில் (மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுப்பது). விளிம்பு மடங்கும் அளவுக்கு மெத்தென்று ஆகும்வரை ஊறவிடுங்கள். ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவினால் போதும். எஞ்சின் ஆயில் பட்டால் ரப்பர் உப்பிவிடும். துளை வழியாக பிரேக் ஆயிலை ஊற்றி ‘சரியாயிடுச்சு’ என்கிறவர்களை நம்ப வேண்டாம். கொஞ்ச நாள் ஓடும்; வால்வில் இருக்கிற பிசுக்கு அப்படியே இருக்கும், சொட்டுகிற ஆயில் பெயின்டை உரித்துவிடும்.

அந்தப் பிசுக்குதான் பல மோட்டார்களில் உண்மையான நோய். கெட்டியான கிரீஸில் வால்வு பாதி வழியில் சிக்கினால் பேடிலும் நின்றுவிடும்; தட்டினால் மறுபடி ஓடும். மூடியைத் திறக்கும் முன் அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருகுகள் ஜிங்க் உடம்பில் இறுகியிருக்கும். பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஒரு நாள் காத்திருங்கள்; பலத்தைக் காட்டினால் திருகு மாட்டும் காது உடைந்துவிடும். வால்வைப் புரட்டுகிற டாகிள் ஸ்பிரிங் தெறித்து ஓடாமல் துணியைப் போர்த்திக் கழற்றுங்கள். வால்வு உட்காரும் தளத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் மட்டும் துடையுங்கள். அறைச்சுவரில் எமரித்தாள் போடவே கூடாது, கீறல் வழியாகக் காற்று கசியும். புது கேஸ்கட் வைத்து, மூடியைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

மோட்டார் சரியாகியும் சோம்பலாக ஓடினால் ஹோஸைப் பாருங்கள். பல வண்டிகளில் உள்விட்டம் 7/32 அங்குலம். ஐடிலில் வைப்பரை ஆஃப் செய்துவிட்டு, மோட்டார் பக்க முனையை ஒட்டி ஹோஸைக் கிள்ளுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் மோட்டாருக்குள் கசிவு. மாறாவிட்டால் மேனிஃபோல்டு பக்க முனையிலும் கிள்ளுங்கள். அங்கே மாறினால் ஹோஸில் விரிசல். பிளேடு மாட்டியிருக்கும் ஆர்மைக் கழற்றிவிட்டு, மோட்டாரை அதோடு இணைக்கும் லிங்க்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். அங்கே இறுக்கம் இருந்தால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஏற்றத்து நோய்க்கு அந்தக் காலத்து மருந்து, பெட்ரோல் பம்போடு இன்னொரு டயாஃப்ரம் (மேலும் கீழும் அசையும் சவ்வு) வைத்து உறிஞ்சலைக் கூட்டுகிற வேக்யூம் பூஸ்டர். நிலைமை நிறையவே தேறும். அந்த டயாஃப்ரம் கிழிந்தால் எஞ்சின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் ஆயில் மேனிஃபோல்டுக்குப் போய் நீலப்புகை வரும். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று எஞ்சினைப் பிரிக்கும் முன், பூஸ்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றி மேனிஃபோல்டு முனையை அடைத்து ஓட்டிப் பாருங்கள்.

அமெரிக்கன் மோட்டார்ஸ் கார் கம்பெனி 1972 வரை வேக்யூம் வைப்பரை விடவில்லை. எனக்கும் இந்த மோட்டார் மேல் அவ்வளவு பிரியம். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: மழையில் ஏற்றம் ஏறுகிற வண்டி என்றால் எலெக்ட்ரிக் போடுங்கள். கண்காட்சிக்கு மட்டும் போகிற வண்டியில் இதைத் தொடாதீர்கள். கழற்றினால் மேனிஃபோல்டு முனையை இறுக்கமாக அடையுங்கள், இல்லாவிட்டால் ஐடில் கெடும். மோட்டாரின் சீலில் அதற்கேற்ற எண்ணெயோ கிரீஸோ தடவி, துளைகளை மூடி, தூசு படாமல் எடுத்து வையுங்கள்.