முழங்காலுக்கு ஒட்டும் நீல டேப்: டர்பனில் ஓடுகிறவர்களுக்காக ஒரு மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த டேப் யாரையும் வேகமாக ஓட வைக்காது. வலிக்கிற முழங்காலைக் கொஞ்ச நேரம் சமாதானப்படுத்தும். அவ்வளவுக்குத்தான் என்று தெரிந்து வாங்கினால் கொடுத்த காசு வீணில்லை.

நான் சொல்வது கைனசியோ டேப் என்று எல்லோரும் கேட்கிற இழுபடும் பருத்தி டேப்பை. 5 செ.மீ. அகலம், 5 மீட்டர் நீளச் சுருள். கிளிக்ஸ், டிஸ்கெம் போன்ற மருந்துக் கடைகளிலும் விளையாட்டுச் சாமான் கடைகளிலும் கிடைக்கும். நீலம், கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் நிறமாக அடுக்கியிருப்பார்கள். ஒரு நிறம் சூடு, இன்னொன்று குளிர்ச்சி என்று எங்கள் ஓட்டக் கிளப்பிலேயே பேசிக்கொள்கிறார்கள். நிறத்தால் எந்த வித்தியாசமும் இல்லை, பிடித்ததை எடுங்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்துகொண்டு காம்ரேட்ஸ் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிற யாருக்கும் முழங்காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே திசை மாறி மாறி நடக்கும், 1921-இல் தொடங்கிய ஓட்டம், ஏறக்குறைய 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கி வரும் வருடங்களில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைக் கொல்லும். பைன்டவுனை நோக்கி இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருக்கிறது. எனக்கு வலி முழங்கால் சில்லுக்குப் பின்னால். படி இறங்கும்போதும், காரில் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வரும். பிசியோதான் முதலில் இந்த டேப்பை ஒட்டிக் காட்டினார், பிறகு நானே ஒட்டிக்கொள்கிறேன்.

ஒட்டுவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நீளமாக ஒரு துண்டு வெட்டி, நுனியிலிருந்து பாதிவரை நடுவே கிழித்து ஒய் வடிவமாக்குவேன். மூலைகளைக் கத்தரிக்கோலால் வளைத்து வெட்டிவிட வேண்டும். சதுர மூலை கால்சட்டையில் உரசி முதலில் கிளம்பும். தொடையில் அடிப்பகுதியை இழுக்காமல் ஒட்டி, முழங்காலை மடக்கி, இரண்டு வாலையும் சில்லின் இருபுறமும் லேசாக இழுத்துக் கொண்டுவந்து, கடைசி இரண்டு விரல் அளவை மறுபடி இழுக்காமல் விடுவேன். நுனியை இழுத்து ஒட்டினால் அங்கே தோல் கொப்பளிக்கும். அப்புறம் உள்ளங்கையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். இந்தப் பசை உடம்புச் சூட்டில்தான் பிடிக்கும், அதனால் ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒட்டிவிடுவது நல்லது. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: ஞாயிறு காலை நீண்ட ஓட்டத்தில் டேப் நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

நான் பயன்படுத்திய மலிவான ஒரு சுருள், டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் கடற்கரை நடைபாதையைத் தாண்டுவதற்குள் சுருண்டு கணுக்காலுக்கு வந்தது. இப்போது வாங்குவது அதைவிட விலை கூடியது. வியர்வையிலும் குளியலிலும் மூன்று நான்கு நாள் தாங்குகிறது. பசை நல்லதாக இருப்பது ஒன்றுக்குத்தான் அந்தக் கூடுதல் காசு.

இனி பெட்டியில் எழுதியிருக்கும் வாக்குறுதிகள். இந்த டேப்பை 1970-களில் உருவாக்கியவர் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சீர்செய்யும் ஜப்பானிய கைரோபிராக்டர் கென்சோ காசே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பீச் வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷின் தோளில் இருந்ததை உலகமே பார்த்தது, அதிலிருந்து எங்கும் பரவியது. தோலை மெல்லத் தூக்கி, அடியில் இரத்தமும் நிணநீரும் நன்றாக ஓட வழிசெய்கிறது, தசைக்கு வலு சேர்க்கிறது என்பார்கள். ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கவில்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இந்த டேப்பைப் பற்றி முன்பின் தெரியாத 30 பேரைப் பிடித்து, தசையை அளக்கும் சென்சார் ஒட்டுகிறோம் என்று சொல்லி டேப்பை ஒட்டினார்கள். சரியாக ஒட்டினாலும், இழுக்காமல் சும்மா ஒட்டினாலும், ஒட்டாமலே விட்டாலும் தொடைத் தசையின் வலிமை ஒன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் மற்ற இடங்களில் காணும் முன்னேற்றத்தில் நம்பிக்கைக்கும் பங்கு இருக்கலாம். தோள்பட்டைத் தசைநார் வலிக்கு இந்த டேப் உதவுமா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழு 2021-இல் பார்த்தபோதும் உறுதியான பலன் தெரியவில்லை.

ஆனாலும் என் முழங்காலில் வலி குறைகிறது, அது பொய்யில்லை. தோலில் தொடர்ந்து ஒரு தொடு உணர்ச்சி இருக்கும்போது வலி கொஞ்சம் மட்டுப்படும் என்பதுதான் எனக்கு நம்பத்தகுந்த விளக்கமாகப் படுகிறது. குறைகிற அளவு சிறியது, நிற்கிற நேரமும் குறைவு. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் தொடை கல்லாக இறுகுமே, அதற்கு இந்த டேப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தூக்கமும் சாப்பாடும் மெதுவான நடையும் செய்கிற வேலையை அது செய்வதில்லை.

என் அண்ணன் மகள் பள்ளியில் நெட்பால் ஆடுகிறாள். கணுக்கால் பிசகியபோது, “சித்தப்பா, உங்க நீல டேப்பை எனக்கும் ஒட்டிவிடுங்க, சனிக்கிழமை மேட்ச் இருக்கு” என்றாள். ஒட்டவில்லை. இழுபடுகிற துணி, மடங்குகிற மூட்டைத் தடுத்து நிறுத்தாது. கணுக்கால் மறுபடி பிசகாமல் இருக்க இழுபடாத கெட்டியான டேப்போ, கயிறு கட்டி இறுக்கும் கணுக்கால் உறையான பிரேஸோதான் வேண்டும், அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. இரண்டு டேப்பையும் கடையில் ஒரே தட்டில் வைத்திருப்பதால் நிறையப் பெற்றோர் நீலத்தை எடுத்துப் போவதைப் பார்க்கிறேன், மனசு பதைக்கிறது.

நம்மவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் அதிகம். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், தோல் மெலிந்த பெரியவர்கள், புண்ணோ இரத்தக் கட்டியோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒட்டவே கூடாது. மற்றவர்கள் முதலில் ஒரு சின்னத் துண்டை ஒட்டி ஒரு நாள் பாருங்கள், அரித்தால் உடனே எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது எண்ணெய் தடவி ஊறவிட்டு, முடி வளர்ந்த திசையிலேயே மெல்ல உரியுங்கள்.

சில்லு வலிக்கு நிலைத்த குணம் தருவது இடுப்புக்கும் தொடைக்கும் செய்கிற பயிற்சிதான். என் பிசியோ கொடுத்தது ஒற்றைக் காலில் படி இறங்குவது, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது. வலியால் அந்தப் பயிற்சியையே செய்ய முடியாத வாரங்களில் டேப் ஒட்டிக்கொண்டு செய்கிறேன், அங்கேதான் அது எனக்கு அதிகம் உதவுகிறது. ஒரு தடவை பிசியோவுக்குக் கொடுக்கிற காசில் சில சுருள்கள் வாங்கிவிடலாம்தான், ஆனால் முதலில் பிசியோவிடம் போய்விட்டு அப்புறம் சுருளை வாங்குங்கள். முன்கூட்டியே வெட்டி வைத்த துண்டுப் பெட்டி வேண்டாம். அதில் நீளம் நம் காலுக்குப் பொருந்துவதில்லை, விலையும் கூடுதல்.